கடவுளுக்குப் பெயர் வைத்த அடிமை

தூத்துக்குடி துறைமுகச் சாலையோரம் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். எபிரேய அகராதி ஒன்று சக்கரம் கட்டிக்கொண்டு ஓடும். ஷேர் ஆட்டோவின் முதுகில் யெகோவாயீரே. உப்பு லாரியின் நெற்றியில் எல்ஷடாய். விசைப்படகின் விலாவில் இம்மானுவேல். எபினேசர் என்றும் பெத்தேல் என்றும் கடைப் பலகைகள். எழுதியவருக்கு எபிரேயம் தெரியாது, வாசிக்கிறவருக்கும் தெரியாது. ஆனாலும் அந்தப் பெயர் வண்டியில் இருந்தால் இந்த மாத டியூவைக் கட்டிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நாங்கள் கேலி செய்யப் போவதில்லை. எங்கள் வீடுகளிலும் அம்மாக்கள் இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் அழுகிறார்கள்.

எங்கள் சண்டை அந்தப் பெயர்களை மேடை போட்டு விற்கிறவர்களோடு. பணக்கஷ்டத்துக்கு யீரே, நோய்க்கு ரஃப்பா, வழக்கில் ஜெயிக்க நிசி, தூக்கம் வராதவருக்கு ஷாலோம். மருந்துக் கடைச் சீட்டு மாதிரி ஒரு பட்டியல். இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு உச்சரிப்புதான் ஆன்மிகம். யெகோவா என்பது தப்பு, யாவே என்பதுதான் சரி; இல்லை, யாவேயும் தப்பு, எங்களிடம்தான் அசல் உச்சரிப்பு இருக்கிறது என்று கையேடு கொடுக்கிறார்கள். இரண்டு கூட்டத்தாரும் ஒரு கேள்வியை மட்டும் தொடுவதில்லை. இந்தப் பெயர்களை முதலில் சொன்னது யார்? எந்த நிலையில் இருந்து சொன்னார்கள்?

அதைக் கேட்டால் வியாபாரம் படுத்துவிடும். ஏனென்றால் பைபிளில் கடவுளுக்குத் தன் வாயால் பெயர் சூட்டிய முதல் ஆள் ஆபிரகாம் அல்ல, மோசே அல்ல, தாவீது அல்ல. ஓர் அடிமைப் பெண்.

ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தை எடுங்கள். ஆகார் எகிப்துக்காரி. சாராயின் அடிமை. எஜமானிக்குப் பிள்ளை இல்லை என்பதால் அவள் உடம்பை எஜமானனுக்குக் கொடுக்கிறார்கள். அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவள் கர்ப்பமானதும் எஜமானிக்குப் பொறுக்கவில்லை. உன் அடிமை உன் கையில், இஷ்டம்போல் செய் என்கிறார் விசுவாசத்தின் தகப்பன். அவள் படுத்தும் பாடு தாங்காமல் ஆகார் வனாந்தரத்துக்கு ஓடுகிறாள்.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். ஆபிரகாமும் சாராளும் ஒரு தடவைகூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'என் அடிமைப்பெண்', 'உன் அடிமைப்பெண்', அவ்வளவுதான். ஊர்த்தெருவில் எங்கள் பாட்டிகளைச் சாதிப் பெயரோடு 'ஏட்டி' சேர்த்துக் கூப்பிட்டார்களே, அதே வழக்கம். அவளை 'ஆகாரே' என்று முதன்முதலில் அழைக்கிற குரல் வனாந்தரத்தில், நீரூற்றின் அருகே, ஒரு தூதனிடமிருந்து வருகிறது. தன்னைப் பெயர் சொல்லி அழைத்தவருக்கு அவள் திருப்பி ஒரு பெயர் வைக்கிறாள். எல் ரோயி. என்னைப் பார்க்கிற கடவுள். எபிரேயத்தில் அந்த வசனம் கொஞ்சம் சிக்கலானது. அறிஞர்கள் பலவிதமாகப் பிரிக்கிறார்கள். ஆனால் சாரம் இதுதான்: என்னைப் பார்த்தவரை நானும் பார்த்தேனே, பார்த்தும் உயிரோடு இருக்கிறேனே என்ற வியப்பு. பார்வை ஒருவழிப் பாதையாக இல்லை. அடிமையும் நிமிர்ந்து பார்க்கிறாள்.

அந்தக் கிணற்றுக்கும் அவள் வைத்த பெயரே நிலைத்தது. பெயேர் லகாய் ரோயி. ஓர் அடிமைப் பெண்ணின் அனுபவம் ஒரு கிணற்றின் பெயராக வேதத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனை கிணறுகளில் நம் நிழல் விழக்கூடாது என்றார்கள் என்பதை நினைத்துக்கொண்டு இதைத் திரும்ப வாசியுங்கள்.

இந்தப் பெயர் ஏன் மேடைகளில் அதிகம் கேட்பதில்லை என்பதற்கு எங்களிடம் ஒரு பதில் உண்டு. நம் மாவட்டத்தின் கதையே அந்தப் பெயருக்கு எதிரானது.

1986 அக்டோபர் வரை தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தத் திருநெல்வேலியைப் பற்றி 1932 டிசம்பர் இந்து நாளிதழில் ஒரு செய்தி வந்தது. சாதி பற்றி நூல் எழுதிய ஹட்டன் அதை எடுத்தாள்கிறார். இந்த மாவட்டத்தில் புரத வண்ணார் என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள்; பகலில் அவர்கள் வெளியே வரக்கூடாது; அவர்கள் கண்ணில் பட்டாலே தீட்டு. தொட்டால் தீட்டு, நெருங்கினால் தீட்டு என்பதெல்லாம் நமக்குத் தெரியும். இது பார்த்தாலே தீட்டு. நடுச்சாமத்துக்கும் விடியலுக்கும் நடுவே துணி வெளுத்துவிட்டு வீட்டுக்குள் ஒடுங்கிவிட வேண்டும். பேட்டி எடுக்க வந்தவர்கள் எவ்வளவோ கெஞ்சிய பிறகுதான் வெளியே வந்தார்களாம்.

ஒரு பக்கம் 'என்னைப் பார்க்கிற கடவுள்' என்ற பெயர். இன்னொரு பக்கம் பார்க்கவே கூடாத மனிதர்கள். புனித சவேரியார் 1542-ல் வந்து இறங்கிய கரை இது. பரதவர்கள் அதற்கும் முன்பே, 1535 முதல் 1537-க்குள் திருமுழுக்குப் பெற்றுவிட்டார்கள். 1932 என்றால் ஏறக்குறைய 400 வருடம். அத்தனை காலம் சுவிசேஷம் ஒலித்த மாவட்டத்தில் அந்த மக்கள் இருட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

நிற்க. அவர்கள் யார் துணியை வெளுத்தார்கள்? சொல்ல நா கூசுகிறது, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. நம் துணியைத்தான். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் துணியை வெளுத்தவர்களை, ஒதுக்கப்பட்டவர்களும் சேர்ந்து ஒதுக்கினார்கள். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வாசித்தவர்களுக்கு ஆரோக்கியத்தைத் தெரியும். காலனிக்கு வெளுத்துப் போட்டு, வீடு வீடாகச் சோறு எடுத்து வாழும் வண்ணாத்தி. அவளும் மாதா கோயிலுக்குப் போகிறவள்தான். அந்த நாவல் வந்தபோது நம்மில் சிலருக்குக் கோபம் வந்தது. இன்று யோசித்தால், அந்தக் கோபத்தின் ஒரு பங்காவது சாராளின் கோபம் என்று எங்களுக்குப் படுகிறது.

எபிரேய மூலமும் இந்த இடத்தில் யாரையும் விட்டுவைப்பதில்லை. சாராள் ஆகாரை ஒடுக்கினாள் என்று சொல்ல அங்கே 'ஆனா' என்றொரு வினை வருகிறது. அதே வினை யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் திரும்ப வருகிறது, எகிப்தியர் எபிரேயரை ஒடுக்கினார்கள் என்று. முதலில் எபிரேயப் பெண் எகிப்தியப் பெண்ணை ஒடுக்குகிறாள், பிறகு எகிப்தியன் எபிரேயனை ஒடுக்குகிறான். சொல் ஒன்றுதான், ஆட்கள்தான் மாறுகிறார்கள். பிரசங்கத்தில் இரண்டாவதை மட்டும் கண்ணீரோடு சொல்லி, முதலாவதை 'ஆகார் அகந்தைப்பட்டாள்' என்று முடித்துவிடுகிறார்கள்.

இந்த ஆள் மாறாட்டத்தை நம் மண்ணில் பார்க்க வேண்டுமா? ஆ. சிவசுப்பிரமணியன் ஐயா தூத்துக்குடியில் உட்கார்ந்து எழுதிய 'கிறித்தவமும் சாதியும்' நூலை எடுங்கள். வடக்கன்குளம் கோயிலில் வெள்ளாளரும் நாடாரும் ஒரே பூசையை ஒருவரை ஒருவர் பார்க்காமல் காண இரண்டு கால் போலப் பிரித்துக் கட்டினார்கள். 1910-ல் தடுப்பு இடிக்கப்பட்டது, வழக்கு நடந்தது. அந்தத் தடுப்பை எதிர்த்து நின்றவர்களின் நியாயத்தை நாங்கள் மறுக்கவில்லை, மதிக்கிறோம். ஆனால் நேற்று தடுப்புக்கு அந்தப்பக்கம் நின்ற அதே சாதி, எத்தனை ஊர்களில் இன்று நமக்குத் தனிக் கல்லறை காட்டுகிறது! தடுப்பு என்பதே பார்வையை மறைக்கத்தான். ஒரே கடவுளைப் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கக்கூடாது.

இப்போது அந்த ஆட்டோவுக்கு வருவோம். யெகோவாயீரே என்றால் 'கர்த்தர் தருவார்' என்று மேடையில் சொல்கிறார்கள். தருவார் என்பது நேர்ப்பொருள் அல்ல. எபிரேயத்தில் 'ராஆ' என்றால் பார். ரோயியும் அதே வேர், யீரேயும் அதே வேர். யீரே என்றால் பார்ப்பார். ஆகார் வைத்த பெயருக்கு அக்கா தங்கை முறை. இதில் நம் தமிழ் கொடுத்து வைத்தது. மற்ற மொழிகள் தருவார், ஏற்பாடு செய்வார் என்று சுற்றி வளைக்க, 1871-ன் பழைய மொழிபெயர்ப்பு 'பார்த்துக்கொள்' என்ற வினையையே அந்த இடத்தில் வைத்தது. 'நீ போ, நான் பாத்துக்கிடுதேன்' என்று நம் ஊரில் சொல்கிறோமே, அதில் பார்வையும் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது.

உப்பளத்துப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கல்லூரிப் பிள்ளைகளோடு இதை வாசித்துக்கொண்டிருந்தோம். அளத்தில் உப்பு வாருகிற அக்கா ஒருவர் திண்ணையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வெயிலில் பாத்தி வெள்ளையாய் மின்னும். வருடக் கணக்கில் அதைப் பார்த்த கண்ணுக்கு எப்போதும் கூச்சம், எரிச்சல். நாங்கள் ரொம்ப உற்சாகமாக 'பார்க்கிற கடவுள்' என்று விளக்கி முடித்ததும் அவர் சொன்னார்: "எங்களப் பாக்காதவன் யாருப்பா? கங்காணி பாக்கான், அளக்காரன் பாக்கான், போலீஸ்காரன் பாக்கான். பாத்துட்டு என்ன செய்யான்னுல்லா கேக்கணும்."

எங்கள் அரை மணி நேரப் பேச்சை அவர் ஒரே வீச்சில் வாரித் தட்டில் போட்டுவிட்டார். உண்மைதான். சாதி நம்மைப் பார்க்காமல் இல்லை. எந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கிறோம், எந்தப் பெண்ணோடு பேசுகிறோம், எப்போது புது பைக் வாங்கினோம் என்று ஊர் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. கொடியங்குளத்தில் பிள்ளைகள் படித்ததையும், வளைகுடாவில் சம்பாதித்து வீடு கட்டியதையும் பார்த்தார்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று காவல்துறை புகுந்து வீடு வீடாக உடைத்தது. குடிக்கிற கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று ஊரார் சாட்சி சொன்னார்கள். அதுவும் ஒரு பார்வைதான். கண்காணிப்பு வேறு, காண்பது வேறு.

ஆகாரின் கதை அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்கிறதா? பாதிதான் சொல்கிறது, மறைக்க மாட்டோம். 16ஆம் அதிகாரத்தில் அந்தத் தூதன் அவளை எஜமானியிடமே திரும்பிப் போய் அடங்கியிருக்கச் சொல்கிறான். இந்த வசனத்தை எங்களால் விழுங்க முடியவில்லை. அமெரிக்கக் கருப்பினப் பெண் இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ் 1993-ல் ஆகாரை வைத்து ஒரு நூலே எழுதினார். அவரும் இந்த இடத்தில் மழுப்பவில்லை. இங்கே கடவுள் விடுதலை கொடுக்கவில்லை, பிழைத்திருக்க வழி காட்டுகிறார். அடிமைத்தனத்தில் இருந்த கருப்பினப் பெண்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும் என்பது அவர் வாதம். 21ஆம் அதிகாரத்தில்தான் கதை திரும்புகிறது. அப்பத்தையும் ஒரு துருத்தித் தண்ணீரையும் கொடுத்துத் தாயையும் பிள்ளையையும் துரத்திவிடுகிறார்கள். தண்ணீர் தீர்ந்ததும், பிள்ளை சாவதைப் பார்க்க மாட்டேன் என்று அவள் முகத்தைத் திருப்பி உட்கார்ந்து அழுகிறாள். அப்போது அவள் கண் திறக்கப்படுகிறது, கிணறு தெரிகிறது. இந்த முறை திரும்பிப் போகச் சொல்லும் கட்டளை இல்லை. தண்ணீர் இருக்கிறது, பிள்ளை பிழைக்கிறான், ஆகார் தன் வழியில் போகிறாள்.

சரி, ரோயி என்ற பெயர் எப்படிக் காணாமல் போனது? இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், அதுவும் புன்னைக்காயல் வரை.

தமிழில் அச்சான முதல் நூலில் கடவுளுக்குப் பெயர் வைத்தவர் என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியார். முத்துக்குளித்துறையில் அரை நூற்றாண்டு வாழ்ந்து, 1600-ல் புன்னைக்காயலில் இறந்து, தூத்துக்குடியில் அடக்கமானவர். 1578-ல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட 16 பக்கப் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. இந்த மனிதரின் பூர்வீகம் யூதம். போர்ச்சுகலில் அப்போது இரத்தத் தூய்மை என்று ஒரு வெறி. முன்னோரில் யூதர் இருந்தால் சபைகளில் கதவு மூடும். பிரான்சிஸ்கன் சபை அவரை வைத்துக்கொள்ளவில்லை. இயேசு சபையில் சேர்ந்து இங்கே வந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே, 1593-ல், யூத, முஸ்லிம் வம்சத்தாரை இனிச் சேர்ப்பதில்லை என்று இயேசு சபையும் சட்டம் போட்டது. அது நீங்கியது 1946-ல். 'காஸ்ட்' என்று ஆங்கிலேயன் எழுதும் சொல்லே போர்ச்சுகீசியரின் 'காஸ்டா'விலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, ரத்தத்தின் பெயரால் ஒதுக்கப்பட்ட எபிரேய வம்சத்து மனிதர் ஒருவர், நம் கடற்கரையில் அமர்ந்து கடவுளுக்குத் தமிழில் ஒரு பெயர் தேடுகிறார். கிடைத்தது தம்பிரான். மடத்துத் தலைவருக்கு அந்தப் பெயர். அந்தப் புத்தகம் அச்சான மலையாளக் கரையில் புலையரும் பறையரும் நிலத்துக்காரனை எப்படிக் கூப்பிட்டார்கள்? தம்புரானே. பாடுபட்ட பாதிரியாரை நாங்கள் குறைசொல்லவில்லை, தமிழுக்கு அவர் செய்தது பெரிது. ஆனால் அவரிடம் சொல் கொடுத்தவர்கள் யார் என்று யோசிக்க வேண்டும். சேரியில் போய் யாரும் கேட்கவில்லை.

பிறகு வந்தவர்களும் அதே ஏணியில்தான் ஏறினார்கள். தெ நொபிலி சர்வேசுரன் என்றார். மேல்சாதிக்கு ஒரு சந்நியாசி, கீழ்ச்சாதிக்கு ஒரு பண்டாரசாமி என்று பிரித்து வைத்த மதுரை மிஷனுக்கு ஈசுரன் பொருத்தமாகத்தான் இருந்தார். பப்ரிசியஸ் பராபரன் என்றார். 1871-ல் தேவன். கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் பொது மொழிபெயர்ப்பாக 1995-ல் வந்த திருவிவிலியத்தில் கடவுள், ஆண்டவர். எந்தச் சொல் சைவம், எந்தச் சொல் வைணவம், எது வடமொழி, எது தூய தமிழ் என்று 400 வருடம் சண்டை போட்டார்கள். இந்தச் சொற்களில் எது எஜமானனின் சொல், எது அடிமையின் சொல் என்று மட்டும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

இதில் யூதர்களுக்கும் ஒரு பங்கு உண்டு, ஆனால் அவர்கள் காரணம் வேறு. மோசேக்கு முட்செடியில் சொல்லப்பட்ட நான்கெழுத்துப் பெயர் 'இரு' என்ற வினையிலிருந்து வருகிறது. இருக்கிறேன், இருப்பேன், எப்படி இருப்பேனோ அப்படி இருப்பேன் என்று ஒரு பிடிகொடுக்காத பதில். அந்தப் பெயருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: என் மக்கள் படும் பாட்டைப் பார்த்தேன், கூக்குரலைக் கேட்டேன் என்கிறார். பார்த்ததற்குப் பிறகுதான் பெயர் வருகிறது. செங்கல் அறுக்கும் கொத்தடிமைகளுக்குச் சொல்லப்பட்ட பெயர் அது. பின்னாளில் யூதர்கள் பயபக்தியால் அதை வாயால் சொல்வதை நிறுத்தி, வாசிக்கும் இடத்தில் 'அடோனாய்', அதாவது என் ஆண்டவர், என்றார்கள். அடோன் என்பது அடிமை தன் எஜமானனைக் கூப்பிடுகிற சொல். கிரேக்கத்தில் அது கிரியோஸ் ஆனது, லத்தீனில் டோமினுஸ், நம்மிடம் கர்த்தர், ஆண்டவர். நான்கெழுத்தின் மெய்யும் அடோனாயின் உயிரும் கலந்து இடைக்கால ஐரோப்பாவில் பிறந்ததுதான் யெகோவா. அசல் உச்சரிப்பு விற்கிறவர்கள் இதைக் கேட்டால் கோபப்படுவார்கள்.

இருக்கிறவர் என்ற வினை இப்படியாக ஆள்கிறவர் என்ற பதவி ஆனது. ஆண்டவரும் ஆண்டையும் ஒரே 'ஆள்' வேரில் முளைத்தவை. தஞ்சாவூர்ப் பண்ணையில் ஆண்டையின் முன் குனிந்து நின்றவன் கோயிலுக்குள் போனாலும் ஆண்டவர் முன் அதே குனிவில் நிற்கட்டும் என்றால் யாருக்கு வசதி?

ஆனாலும் ஒரு நியாயத்தை விட்டுவிடக்கூடாது. நம் பாட்டன் பூட்டன்மார் 'இயேசுவே ஆண்டவர்' என்று சொன்னபோது, அந்த வாக்கியத்துக்குள் 'நீ இல்லை' என்ற செய்தியும் பண்ணையாருக்குப் போய்ச் சேர்ந்தது. ஆண்டைக்கு மேலே ஓர் ஆண்டவர் என்பது அன்றைக்கு ஓர் ஆயுதம். அதை நாங்கள் அவமதிக்க மாட்டோம். கேள்வி இன்றைக்கு அந்த ஆயுதம் யார் கையில் என்பதுதான். ஓசேயா தீர்க்கதரிசியின் இரண்டாம் அதிகாரத்தில் கடவுளே ஒரு பெயரை வேண்டாம் என்கிறார்: இனி என்னை 'என் பாகால்' என்று கூப்பிடாதே. பாகால் என்றால் உடைமைக்காரன், எஜமான். என்னை முதலாளி என்று கூப்பிடாதே என்று சொல்கிற கடவுள்! அதற்குப் பதில் 'என் கணவர்' என்று கூப்பிடச் சொல்கிறார், அங்கே பெண்ணியத் தோழர்கள் வேறொரு கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான்.

மாற்றுப் பெயர் நம்மிடம் இல்லையா? இருக்கிறது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, நம் பரட்டை அண்ணன், தலித் மக்களின் கிராமியப் பாட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர். அவர் கடவுளை 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். பெத்தவரு ஆணா பெண்ணா? இரண்டும்தான். எஜமானா? இல்லை. ஒரே உலையில் சோறு பொங்கிச் சேர்ந்து தின்பதுதான் அவர் இறையியல். 2005-ல் அவர் போய்விட்டார். இந்தச் சொல்லை நம் கோயில்களில் எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்கள்? மேடை ஜெபத்தில் யெகோவா ரஃப்பா என்று எபிரேயம் பேசக் கூசாத வாய், பெத்தவரே என்று சேரித் தமிழ் பேசக் கூசுகிறது.

மாணவர்களே, இதெல்லாம் வேதப் பாடம், நமக்கு என்ன என்று நினைக்காதீர்கள். உங்கள் சாதிச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் இந்த மதத்தடையை நீக்கச் சொன்னது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் அவர் பெற்ற திருமுழுக்கைத் தேடிப் பிடித்து, சான்றிதழ் இல்லை என்றது. 2025-ல் ஆந்திர உயர் நீதிமன்றம், மதம் மாறிய போதகர் ஒருவருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்றது. அடித்தவனுக்கு அவர் சாதி தெரிகிறது. நீதிமன்றத்துக்குத் தெரியவில்லை.

இங்கே எபிரேயப் பெயர் நம்மைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாகிறது. கருப்பனையும் மாடத்தியையும் கூப்பிட்டுக் கூப்பிட்டே மிதித்தார்கள் என்றுதான் நம் முன்னோர் பிள்ளைகளுக்குச் சாமுவேல், எஸ்தர், ரூத் என்று பெயரிட்டார்கள். ஏட்டியும் ஏலேயும் ஒட்டாத பெயர்கள். இன்று 'யோவேல்' என்ற பெயரோடு தாலுகா அலுவலக ஜன்னலுக்கு முன் நிற்கிற தம்பியிடம் முதல் கேள்வியே கோயிலைப் பற்றித்தான். சான்றிதழில் சாதி போய்விடுகிறது. ஊரில் போவதில்லை.

இம்மானுவேல் என்றால் கடவுள் நம்மோடு என்று பொருள். எபிரேயம்தான். முத்துக்குளித்துறையின் வடமுனையான ராமநாதபுரம் சீமையில், செல்லூரில் 1924-ல் பிறந்த ஒரு பிள்ளைக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். 1957 செப்டம்பர் 10 அன்று அவர் ஒடுக்கப்பட்டோர் தரப்பில் அமைதிக் கூட்டத்தில் கலந்துகொண்டார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொன்றார்கள். ஒவ்வொரு செப்டம்பர் 11-லும் அங்கே போகிறவர்கள் தியாகி இம்மானுவேல் என்று முழங்கும்போது, அந்தப் பெயரின் பொருள் அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. 2011-ல் அதே நாளில், அதே ஊரில் காவல்துறை சுட்டதில் நம் ஆட்கள் செத்தார்கள். 'கடவுள் நம்மோடு' என்பது ஆட்டோவில் ஒட்டுகிற அலங்கார வாசகமா, இல்லை, பரமக்குடியில் ரத்தம் உறைந்த வார்த்தையா என்று மேடைப் பிரசங்கியாரிடம் யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

இதை வாசித்துவிட்டு இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் வரும், தெரியும். சபையிலேயே சாதி இருக்கிறதே, தாய்மதம் திரும்புங்கள் என்பார்கள் ஒரு தரப்பார். எங்களைப் பார்க்கவே கூடாது என்று வீட்டுக்குள் பூட்டிய ஏற்பாட்டுக்குத் தாய் என்று பெயர் வைக்க எங்களால் ஆகாது. கடவுளே இல்லை, அவருக்கு என்ன பெயர் ஆராய்ச்சி என்பார்கள் நம் தோழர்கள் சிலர். இருக்கட்டும். இருக்கிறாரா என்பதைப் பேச எங்களுக்கும் ஆசைதான். ஆனால் அவர் பெயரால் நம் தெருவில் காணிக்கைத் தட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் பெயரால் கல்லறைக்குச் சுவர் நிற்கிறது. அந்தப் பெயரை வைத்தவள் நம்மைப் போல ஒருத்தி என்று தெரிந்த பிறகும் அதை அவர்களிடமே விட்டுவிட்டு வர முடியுமா?

வருகிற ஞாயிறு அதே திண்ணையில் ஆதியாகமம் 16, 21 இரண்டையும் முழுதாக வாசிக்கிறோம். பைபிள் இல்லாதவர்களும், அதை நம்பாதவர்களும் வரலாம். வண்ணார் குடும்பத்துப் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறோம், அவர்கள் பேசுவதை நாம் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். அளம் ஓய்ந்து ஐந்து மணிக்கு அக்கா வந்துவிடுவார். பாத்துட்டு என்ன செய்யான் என்ற அவர் கேள்விக்கு எங்களிடம் இன்னும் முழுப் பதில் இல்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள்.